பத்திரிகையில் உட்கார்ந்த பன்றி

குருலட்சுமி சொன்னதைத் தவசிக்கனி பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடம் சொன்னதும் இல்லை. மற்றதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. குழந்தைகள் புத்தகம் ஒன்றின் பின்னட்டையிலிருந்து ஒரு பன்றி எழுந்துபோய் அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையில் உட்கார்ந்துகொண்டதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொந்தக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தின்றதும் அவர் கண்ணால் கண்டவை, சிவகாசியில் பாதிப் பேர் கண்டவை, அதற்காக யாரும் யாரிடமும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பன்றி எப்படிக் கிளம்பியது, ஏன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்று அச்சகத்தில் லேஅவுட் போடுகிற குருலட்சுமி சொன்னாளே, அந்தக் கொஞ்சத்தைத்தான் அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தவசிக்கனி படம் வரைகிறவர். காலண்டருக்கு லட்சுமியும் முருகனும், வெடிப் பெட்டிக்கு விமானமும் வீராங்கனையுமாக வரைந்தே தலை நரைத்தவர். யார் வரைந்தது என்று எந்த முருகனின் காலடியிலும் போடமாட்டார்கள். ஆகவே சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் வந்து, பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி மிருகங்களை வைத்து ஒரு புத்தகம் எழுதி வரைந்து கொடுங்கள், உங்கள் பெயர் அட்டையில் வரும் என்றபோது அவர் அன்றிரவே பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 'உருளிக்கு ஓர் இலை' என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். காட்டில் விருந்து. உருளி என்ற பன்றி குளித்து, கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு வந்து பந்தியில் உட்காருகிறது. பக்கத்து இலைக்கார ஆடு மூக்கைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்காருகிறது. ஆடு தள்ளியதால் மயில் தள்ளுகிறது, மயில் தள்ளியதால் குரங்கு தள்ளுகிறது, இப்படித் தள்ளித் தள்ளிப் பந்தி காடு முழுக்கப் பரவிவிட, பரிமாறுகிற கரடி ரசவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. மயிலுக்கு ரசம் போய்ச் சேரும்போது அது ஆறிப்போய் அதில் தவளை நீந்துகிறது. கடைசியில் கரடி கரண்டியை வீசிவிட்டு, "ஒட்டி உட்காருங்க, இல்லேன்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்று கத்த, பின்னட்டையில் அத்தனையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுகின்றன, நடுவில் உருளி. வரைந்ததைப் பார்த்துத் தவசிக்கனி தானே சிரித்தார். ஏன் பன்றி என்று அவர் மனைவி கனகமணி கேட்டதற்கு, "முயலை வரைஞ்சா யாரு மூக்கைப் பிடிப்பா?" என்றார். அப்போது அவருக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஊரில் தாளை வெறுமனே விடமாட்டார்கள். பெரிய ஷீட்டில் ஒரு வேலை அச்சாகும்போது ஓரத்தில் கையகலம் மிஞ்சினால் அங்கே இன்னொருவர் வேலையைச் சேர்த்து ஏற்றிவிடுவார்கள்; முருகன் பக்கத்தில் பல்பொடி லேபிள் அச்சாகி, வெட்டுகிற மெஷினில் பிரிந்து, ஒன்றையொன்று அறியாமல் வேறு வேறு ஊருக்குப் போய்ச் சேரும். அச்சக முதலாளி தவசிக்கனியிடம் பிரியமாகத்தான் கேட்டார். "அண்ணாச்சி, உங்க புக்கு அட்டை ஷீட்டுல ஓரத்துல நல்ல இடம் கிடக்கு. உங்க மக அனுசுயா கல்யாணப் பத்திரிகையை அதுலயே ஏத்திருவோமா? அதே அட்டைத்தாளு, பளபளன்னு வரும்."

தவசிக்கனி பெயர்களைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்பது முகூர்த்த நேரத்தைத் தெரிந்துகொள்ள இல்லை, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்க்க. பெயர் கீழே போனதற்காகப் பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு, பெயரே இல்லாததற்காகச் சாவுக்கும் வராதவர்கள் உண்டு. பெரியப்பா பால்பாண்டியும் அவர் மனைவியும் முதலில், பிறகு கனகமணியின் தம்பிகள் மூவர், பிறகு மற்றவர்கள். பெரியப்பாவுக்கு அடுத்தபடி வர வேண்டியது அத்தை. அனுசுயாவுக்கு அத்தை கிடையாது என்று பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தார்கள். அத்தை இருந்தாள். தவசிக்கனியின் தங்கை, பெயர் சீனித்தாய். அதே ஊரில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், பன்றி வளர்க்கிற தெருவில் வீரணன் என்பவரைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று வாழ்ந்தாள், அந்தப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அம்மா இறந்ததற்குக்கூட அவளுக்குச் சொல்லியனுப்பவில்லை. அந்தப் பெயரை வீட்டில் உச்சரிப்பதில்லை என்று யாரும் தீர்மானம் போடவில்லை. உச்சரிக்காமலே இருந்து பழகிவிட்டது.

பத்திரிகைக் கட்டு வந்த அன்று, குலதெய்வத்துக்கு வைக்க முதல் பத்திரிகையை எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கனகமணி, விரலை அப்படியே வைத்துக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள். பெரியப்பா பெயருக்குக் கீழே, தம்பிமார் பெயருக்கு மேலே, ஒரு வரி அகலத்தில், சிவப்புத் துண்டு கட்டிய உருளி காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. எந்தப் பெயரின் மேலும் அது ஏறவில்லை. யார் பெயரையும் அது மறைக்கவில்லை. அடுத்ததை எடுத்தார்கள், அடுத்ததை எடுத்தார்கள், கட்டு முழுக்க அது இருந்தது. தவசிக்கனி அலமாரியிலிருந்த தன் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தார். ஆடும் மயிலும் குரங்கும் கரடியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நடுவில் ஆவி பறக்கிற ஓர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இலைக்குப் பின்னால் யாரும் இல்லை.

எப்படி வந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் மை எங்கெங்கோ ஏறும், நிறம் விலகும், ஒருவர் முகத்தில் இன்னொருவர் மீசை வரும், அதெல்லாம் பார்த்துப் பழகிய ஜனங்கள். ஏன் அங்கே என்பதுதான் எல்லோருக்கும் உடனே புரிந்துபோனது. பால்பாண்டி வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"டேய் தவசி, எனக்குக் கீழ பன்னியை உட்கார வச்சிருக்கியே, இது என்னடா ஜாடை?"

"நான் வைக்கலைண்ணே."

"நீதானே வரைஞ்ச?"

பிளேடால் சுரண்டிப் பார்த்தார்கள். பத்திரிகை ஓட்டையானது, மறுநாள் காலையில் பன்றி ஓட்டையின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்து அதன் வழியாக எட்டிப் பார்த்தது. தங்கநிறப் பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். அது மரியாதையாகப் பிள்ளையாருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டது. வேறு அச்சகத்தில் வேறு தாளில் அடித்தார்கள். மை காயும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது, அலைந்த களைப்பில் துண்டு மட்டும் கொஞ்சம் அவிழ்ந்திருந்தது. நாள் நெருங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல் அதையே தாம்பாளத்தில் வைத்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் தேதியைப் பார்த்தார்கள், மண்டபத்தைப் பார்த்தார்கள், பன்றியைப் பார்த்தார்கள், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற சிக்கந்தர் பாய் பத்திரிகையை வாங்கி, "நான் அதைத் திங்கப்போறதில்லை, அது என்னைத் திங்காம இருந்தாச் சரி" என்று சொல்லி அலமாரியில் வைத்தார். தீப்பெட்டி லேபிள் போடுகிற ஒருவர், இந்தப் பன்றி வேறு எங்கும் ஒப்பந்தமாகியிருக்கிறதா என்று விசாரித்தார்.

ஆனால் அது தின்னும் என்று சிக்கந்தர் பாய் உட்பட யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் விடிந்தபோது பால்பாண்டியின் பெயர் இல்லை. கொடுத்த வீடுகளில், கொடுக்காமல் மிஞ்சிய கட்டுகளில், சம்பந்தி வீட்டு மேஜைமேல், எல்லாவற்றிலும் அந்த வரி வெறுமையாக இருந்தது. பெயரிலிருந்த புள்ளிகளை மட்டும் பருக்கைகள் போலச் சிந்திவிட்டு உருளி கொஞ்சம் உப்பிய வயிற்றோடு உட்கார்ந்திருந்தது. மறுநாள் பெரியம்மா. அதற்கு மறுநாள் கனகமணியின் மூத்த தம்பி, அவர் பெயருக்குப் பின்னாலிருந்த பட்டத்தோடு சேர்த்து. டீக்கடையில் அடுத்தது யார் என்று பந்தயம் வைத்தார்கள். பெயர் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடத்தில் நின்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "பேர் இல்லாத கல்யாணத்துக்கு நான் எந்த முகத்தோட வர்றது?" பால்பாண்டி அதைச் சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்து, திரும்பவும் விரித்துப் பார்த்தார். தன் பெயர் இல்லாத ஒரு காகிதத்தைக் கையில் வைத்திருப்பது எப்படியிருக்கும் என்பது அவருக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது; ஆனால் அதை அவர் யாரோடும் சேர்த்துப் பார்க்கவில்லை, தவசிக்கனிதான் பார்த்தார்.

உறவுகளின் வரிகளை முடித்துவிட்டு அது மேலே ஏறத் தொடங்கியது. மேலே இரண்டே பெயர்கள்தான், பெண்ணும் மாப்பிள்ளையும். அன்று சாத்தூரிலிருந்து சம்பந்தி செண்பகமூர்த்தி காரில் வந்து இறங்கினார். உட்காரவில்லை. பத்திரிகையை விரித்துப் பன்றி முதலில் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு இடம் சம்பந்தி?"

"யாருமில்லையே."

"யாருமில்லாத இடத்துல எப்படிங்க உட்காரும்?"

கனகமணி தண்ணீர்ச் செம்போடு கதவருகே நின்றாள்.

"பொண்ணு பேரு போயிருச்சுன்னா எங்களைத் தேடாதீங்க. பேரு இல்லாத பொண்ணை எங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போக முடியாது" என்று சொல்லிவிட்டுச் செண்பகமூர்த்தி தண்ணீர் குடிக்காமல் போனார்.

தங்கைக்காரி இருக்கிறாள், இன்னார் வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னால் சம்பந்தம் முறியும். சொல்லாவிட்டால் பன்றி மகளின் பெயரைத் தின்னும், அப்போதும் முறியும். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்த அப்பாவை அனுசுயா நிறுத்தினாள். கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைத்து வந்திருந்தது, அதை மடித்தபடியே பேசினாள்.

"அதுக்குப் பசிக்குதுப்பா. இலையில சோறு போட்டு, எல்லாரும் ஒட்டி உட்காரச் சொல்லி எழுதிட்டு, அதை எந்திரிக்க வச்சது யாரு?"

"நான் எந்திரிக்கச் சொல்லலை தாயி."

"அத்தைய மட்டும் எந்திரிக்கச் சொன்னீங்களாக்கும்?"

அவள் அத்தை என்ற சொல்லை அந்த வீட்டில் முதல் தடவையாகச் சொன்னாள். கனகமணி செம்பைக் கீழே வைத்துவிட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்து வைக்கத் தொடங்கினாள். "தனியாப் போய் நிக்காதீங்க. ஒத்தையில வந்து சொல்றது சாவுச் சேதிதான். நானும் வாரேன்" என்றாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது, முடிவே இல்லாததுபோல. தவசிக்கனி தாம்பாளத்திலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். உருளி அனுசுயாவின் பெயருக்கு நேரே நின்று கடைசி எழுத்தை மென்றுகொண்டிருந்தது. அதுவரை அது விடியும் முன்னே, யாரும் பார்க்காதபோதுதான் தின்றது. இப்போது அவர் பார்க்கப் பார்க்கத் தின்றது.

சீனித்தாய் வாசலில் தவிட்டைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை தவிடு. அண்ணனையும் மதினியையும் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள், கரைப்பதை நிறுத்தவில்லை.

"வழி தெரிஞ்சுதாண்ணே?"

"தெரிஞ்சுது."

"கேட்டு மூடியிருந்திருக்குமே. இருபது வருஷமாவா மூடியிருந்துச்சு?"

கனகமணிதான் முன்னால் வந்தாள். "சீனி, உன் மருமகளுக்குக் கல்யாணம். நீ வந்து நலங்கு வைக்கணும்."

"ஊர்ல பேசிக்கிட்டாக மதினி. என் இடத்துல பன்னி உட்கார்ந்திருக்காமே." கையைத் துடைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்ணே, பன்னிக் காது இப்படியா இருக்கும்? முருகனுக்குக் காது வரைஞ்ச பழக்கத்துல வரைஞ்சிட்டியா?" சிரித்த வேகத்தில் கண்ணில் நீர் வந்தது, அதைத் தவிடு ஒட்டியிருந்த முழங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் அப்பியது. உள்ளேயிருந்து வீரணன் வந்து, வந்தவர்களைப் பார்த்து, சட்டையைத் தேடி மறுபடியும் உள்ளே போனார்.

பத்திரிகையில் இன்னொரு எழுத்து போனது. "சீனி" என்றார் தவசிக்கனி. அந்தப் பெயர் துருப்பிடித்த கதவு போலத் திறந்தது. "சீனி, பிள்ளை பேரைத் திங்குது."

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. பத்திரிகையை வாய்க்கருகில் கொண்டுபோய், தன் பன்றிகளைத் தீனிக்குக் கூப்பிடுகிற குரலில், "ம்பா, ம்பா, ம்பா" என்றாள். உருளியின் அந்தத் தப்பான காதுகள் நிமிர்ந்தன. மெல்வதை நிறுத்திவிட்டுத் திரும்பியது.

"நின்னுருச்சு. ஆனா போகாது. பேனா வச்சிருக்கியா? என் பேரை எழுது. ஒத்தையா எழுதாத, அவுக பேரையும் சேர்த்து எழுது."

ஊரில் அவரைப்போல் தலைப்பு எழுத்து எழுத ஆள் கிடையாது. அன்று அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். 'சீனித்தாய் – வீரணன்' என்று அந்த வெறும் வரியில் எழுதி முடித்தபோது, பன்றி எழுந்து நின்று, முதுகை உதறிவிட்டு, வெட்டப்பட்ட விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

போன பெயர்கள் திரும்பி வரவில்லை. அனுசுயாவின் பெயரில் மிஞ்சிய எழுத்துகளை வைத்தே எல்லோரும் அவளை இப்போதும் அனு என்றுதான் கூப்பிடுகிறார்கள். செண்பகமூர்த்தியிடம் தவசிக்கனி நேரில் போய்ச் சொன்னார். அவர், "இருக்கிற தங்கச்சியை இல்லைன்னு சொன்னவரு, இன்னும் எதையெல்லாம் இல்லைன்னு சொல்லியிருக்கீங்களோ" என்றார். கல்யாணத்தை நிறுத்தவில்லை. எங்கள் ஆட்கள் உங்கள் தங்கை வீட்டாரோடு பந்தியில் உட்காரமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்படியே நடந்தது. சீனித்தாயும் வீரணனும் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் சற்றுத் தள்ளினார், அவர் தள்ளியதால் அடுத்தவர் தள்ளினார், பந்தி மண்டபத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடம் வரை நீண்டது, ரசவாளிக்காரர் வாய்விட்டுத் திட்டினார். சிலர் சூடான ரசத்துக்காக இலையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சிலர் சைக்கிள்களுக்கு நடுவே ஆறிய ரசத்தைக் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். பால்பாண்டி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், பேர் இல்லாதவன் எப்படி உள்ளே வர முடியும் என்று. பத்திரிகையில் பெயர் இருந்த ஒரே உறவுக்காரி சீனித்தாய்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு வாசலுக்குப் போய், "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்று அவள்தான் அழைக்க வேண்டியிருந்தது. அவர் வந்தார். அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி, அவள் பின்னாலேயே வந்தார்.

புத்தகத்தின் பின்னட்டையில் உருளி திரும்பவும் இருந்தது, வாயோரத்தில் சில புள்ளிகள் ஒட்டியிருக்க. எல்லாப் பிரதியிலும் இல்லை. சில பிரதிகளில் அந்த இலை இன்னும் காலிதான். எந்தப் பிரதி எந்த வீட்டுக்குப் போனது என்று தவசிக்கனி விசாரித்ததில்லை.

குருலட்சுமி சொன்னது இதுதான். அச்சான ஷீட்டுகளை வெட்டுவதற்கு முன்னால் சரிபார்க்க அவள் கீழே வந்தாள். தாள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அடுக்கின் ஓரத்தைப் பிடித்து விசிறிவிட்டாள். விசிறும்போது மேல் ஷீட்டில் இலைமுன் இருந்த பன்றி, அடுத்ததில் எழுந்தது, அடுத்ததில் நடந்தது, வெட்டுக்கோட்டில் ஒரு கால் வைத்தது, தாண்டியது. அவள் மறுபடியும் மேலிருந்து பார்த்தபோது எல்லாவற்றிலும் போயிருந்தது. "இடம் இருந்துச்சு அண்ணாச்சி, போய் உட்கார்ந்துச்சு. நான் என்னத்தைச் சொல்ல?"

தவசிக்கனி இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இடம் இருந்தது என்ற அந்த வரியை மட்டும் விட்டுவிடுவார். பன்றி நடந்ததை நம்பிவிடலாம். பெயர்களுக்கு நடுவில் இடம் எங்கிருந்து வந்தது? பன்றி வந்து வரிகளைத் தள்ளியிருக்கும் என்று சில வருஷம் நினைத்தார். குருலட்சுமிதான் யாருக்கோ இரங்கி ஒரு வரி விட்டாள் என்று சில வருஷம் நினைத்தார். பேரனுக்குக் காதுகுத்து வந்து, அந்தப் பத்திரிகைக்குப் பெயர் எழுதிக்கொண்டு அவர் அச்சகத்துக்குப் போனபோது, அவள் கம்ப்யூட்டர்முன் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள், தலையில் அவளுக்கும் வெள்ளை ஓடியிருந்தது. தாளை அவளிடம் நீட்டினார். முதல் வரியில் சீனித்தாய், வீரணன். அவள் வாங்கப் போனாள். அவர் தாளை விடவில்லை. வெட்டுகிற மெஷின் ஒருமுறை இறங்கி ஏறும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"தாயி, அன்னைக்கு அனு பத்திரிகைக்கு நான் எழுதிக் குடுத்தேன்ல, அதுல அண்ணன் பேருக்குக் கீழ ஒரு வரியை நானே காலியா விட்டிருந்தேனா?"